வீட்டோடை அவனும்

நாடகத்தில் நடிக்கப் போகிறவர்களுக்கு வசனம் மறந்துவிடுமோ என்று பயம் வரும். எனக்கு வந்த பயம் கைதட்டலைப் பற்றியது. என் மகனுக்குக் கைதட்டல் ஆகாது. திடீரென்று நாலு பேர் சேர்ந்து தட்டினால் அவனுக்கு உடம்பு முழுக்க உதறும், சில வேளை வலிப்பிலும் கொண்டுபோய் விடும். பக்கத்து வளவில் பிறந்தநாள் கொண்டாடினால்கூட நானும் மனைவியும் யன்னல்களைச் சாத்திவிட்டு, கேக் வெட்டி முடியும்வரை அவனுடைய காதுகளைப் பொத்திக்கொண்டு இருப்போம். அப்படிப்பட்டவனை ஒரு மண்டபத்துக்குள் இருத்திவிட்டு மேடையில் ஏறி நடிக்கிறேன் என்று நான் எந்தப் புத்தியில் ஒத்துக்கொண்டேனோ தெரியாது.

அவனுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. மூச்சுத் திணறிப் பிறந்தவன். கதைக்கமாட்டான். கையைப் பிடித்தால் நடப்பான், விட்டால் அந்த இடத்திலேயே இருந்துவிடுவான். குளிக்க வார்ப்பது, சவரம் எடுப்பது, சாப்பாடு தீத்துவது எல்லாம் நாங்கள்தான். ஆனால் தனக்கென்று ஒரு பாஷை வைத்திருக்கிறான். சந்தோசம் என்றால் தலையைப் பின்னால் சாய்த்துப் பெரிய சத்தமாகச் சிரிப்பான். பசி என்றால் என் சேட்டுப் பொத்தானைப் பிடித்து இழுப்பான். யாராவது கதைப்பது பிடிக்கவில்லை என்றால் எட்டி அவர்களின் வாயைப் பொத்துவான். அதுவும் மெதுவாகப் பொத்தத் தெரியாது, அறைகிற மாதிரித்தான் கை வந்து விழும். எங்கள் வீட்டுக்கு வந்து புத்திமதி சொன்ன பல பேர் அந்தக் கையிடம் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்த விசயத்தில் எனக்கு அவனில் பெருமைதான்.

நாங்கள் அரியாலையில் இருக்கிறோம். கொழும்புத்துறைப் பக்கம் இப்படியான பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற ஒரு நிலையம் இருக்கிறது. தபால் கந்தோரிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு அவனை ஓட்டோவில் அங்கே கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ஆறுதலாக ஒரு வேலையைப் பாருங்கோ என்றுதான் அங்கே சொல்வார்கள். ஒரு தாய் தகப்பனும் போவதில்லை. வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே ஒரு நீட்டு மர வாங்கு கிடக்கிறது. அதில் வரிசையாகக் குந்தியிருந்து, உள்ளே ஏதாவது சத்தம் கேட்டால் எல்லாரும் ஒன்றாக எழும்பி எட்டிப் பார்ப்போம். யாருடைய பிள்ளை என்று தெரிந்ததும் மற்றவர்கள் இருந்துவிடுவோம், அந்தப் பிள்ளைக்குரியவர் மட்டும் உள்ளே ஓடுவார்.

அந்த வாங்கில்தான் நாடகம் தொடங்கியது. கம்பசில் நாடகம் படித்த ஒரு பெண், பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் சொல்லிக்கொடுக்க வருவார். எங்கள் கதைகளைச் சில நாள் நின்று கேட்டுவிட்டு, "உதுகளை அப்பிடியே மேடையிலை கதைப்பம். சனம் கேக்கட்டும்" என்றார். நாங்கள் முதலில் சிரித்தோம். கோயில் திருவிழாவுக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாமல் ஒளித்து வைத்திருக்கிற ஆட்கள் மேடையில் ஏறுவதா என்றோம். ஆனால் அவர் விடவில்லை. வசனம் ஒன்றும் எழுதித் தரவில்லை. ஒருவர் தன் வீட்டில் நடந்ததைச் சொல்லுவார், இன்னொருவர் எழும்பி நடித்துக் காட்டுவார். வாங்கில் இருந்த எல்லாருக்கும் எது குத்தியதோ அது நாடகத்துக்குள் போனது.

மேடையில் எனக்குத் தகப்பன் வேடம். குருநகரிலிருந்து ஒரு சின்னப் பெட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்தான் எனக்கு மனைவியாக நடித்தார். கணவர் கடலுக்குப் போகிறவர். கணீரென்ற குரல், பயம் என்பது மருந்துக்கும் இல்லாத மனிசி. என்னுடைய உண்மையான மனைவியைக் கேட்டபோது, "நான் வீட்டிலை நடிக்கிறதே எனக்குக் காணும்" என்றுவிட்டாள்.

அந்தக் கம்பஸ் பெண்தான் எங்கள் நெறியாளர். ஒருநாள் ஒத்திகையில் அவர் என்னைக் கேட்டார்: "ஐயா, நீங்கள் ரெண்டு பேரும் இல்லாமல் போனால் தம்பியை ஆர் பாப்பினம்?"

வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். இந்தக் கேள்வியை நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. எனக்கு மட்டும் பதில் நாக்கு நுனியில் இருந்தது.

"அதுக்கென்ன, வீடு மகளுக்கு. வீட்டோடை அவனும்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குருநகர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணை, உதைக் கட்டாயம் போடவேணும்" என்றார். நெறியாளரும் தலையாட்டினார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். நாங்கள் இருக்கிற வீடு என் மனைவிக்குச் சீதனமாக வந்தது. அவளுடைய தாய்க்கும் அது அப்படித்தான் வந்தது. எங்களுக்கு மகனைத் தவிர ஒரு மகள், அவனுக்கு இளையவள், பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறாள். வீடு அவளுக்கு என்பதில் யாருக்கும் கேள்வியே இல்லை. வீட்டை எழுதும்போது கிணறு, தென்னை, நடைபாதை என்று எல்லாவற்றையும் சேர்த்து எழுதுவார்கள். நான் மனதுக்குள் மகனையும் சேர்த்து எழுதி வைத்திருந்தேன். அந்த நினைப்பில்தான் எனக்கு நித்திரை வருவது. வேறு எதை நம்பி நான் கண்ணை மூடுவது?

அதனாலேயே மகளுக்கு வருகிற வெளிநாட்டுச் சம்பந்தங்களை நான் உள்ளே எடுப்பதில்லை. தரகர் படலையைத் திறக்கும்போதே, "கனடா, சுவிஸ் எண்டால் உந்த வாசலோடை நில்லுங்கோ. வீட்டோடை வந்து இருக்கக்கூடிய பெடியன் எண்டால் வந்து கதிரையிலை இருங்கோ" என்பேன். அவரும் சிரித்துக்கொண்டு சைக்கிளைத் திருப்புவார். வீட்டோடு வரச் சம்மதித்த பெடியன்கள், விறாந்தையில் என் மகனைப் பார்த்ததும் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். மகளுக்கு வயது போய்க்கொண்டிருந்தது. அவள் வேலையால் வந்து "ஆரப்பா வந்தது?" என்று கேட்டால், "சும்மா ஒராள்" என்று சொல்லிவிடுவேன்.

நாடகத்தில் என் மகனாக நடிக்க இருந்தவர் தென்மராட்சியில் தோட்டம் செய்கிற ஒரு தகப்பன். மெலிந்த ஆள், கை காலை மடக்கிப் பிடித்தால் அசல். மேடையேற்றத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"குறை நினைக்காதேங்கோ. என்ரை மூத்தவள் பிள்ளைத்தாச்சியாய் இருக்கிறாள். வீட்டிலை பிள்ளைத்தாச்சி இருக்கேக்கை நான் மேடையிலை கை காலை முறுக்கிக்கொண்டு கிடக்கக்கூடாது எண்டு மனிசி ஒற்றைக்காலிலை நிக்கிறா."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் அவருடைய வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது. இன்னொன்று வந்துவிடுமோ என்ற பயத்துக்கு முன்னால் நியாயம் கதைக்க முடியுமா? நாடகம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தபோது உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போக வந்த மகள் மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் செய்யிறன்" என்றாள்.

"நீ பெட்டையெல்லோ" என்றேன்.

"தலைமயிரைக் கட்டிப்போட்டு அண்ணாவின்ரை சேட்டைப் போட்டால் ஆருக்குத் தெரியப்போகுது?"

நெறியாளர் ஒருக்கால் செய்து காட்டச் சொன்னார். அவள் வாங்கில் இருந்து, தோளை ஒரு பக்கம் சரித்து, விரல்களை உள்ளே மடக்கி, வாயைக் கொஞ்சம் திறந்தாள். அவ்வளவுதான், என் மகன் அங்கே இருந்தான். அவன் ஈ கலைக்கிற விதம், கேட்காத மாதிரி இருந்துகொண்டு கேட்கிற விதம் எல்லாம் அவளிடம் இருந்தன. அவளை நாங்கள் பழக்க வேண்டியே இருக்கவில்லை. இவள் எப்போது இவ்வளவையும் பார்த்தாள் என்று நினைத்தேன். அவள் பள்ளிக்கூடம் போனதும் படித்ததும் சோதனை பாஸ் பண்ணியதும்தான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு பயம். மண்டபத்தில் மகன் என்ன ஆவான் என்பது ஒன்று. மகளை இந்தக் கோலத்தில் மேடையில் பார்த்த பிறகு எந்தச் சம்பந்தம் வரும் என்பது மற்றது. "ஊர் உலகம் பாக்கப்போகுது பிள்ளை" என்று ஒருநாள் சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "பாக்கட்டும் எண்டுதானே அப்பா போடுறியள்" என்றாள்.

மேடையேற்ற நாளில் நான் கொடுத்த அலுப்பை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். மகனுக்கு வலிப்புக் குளிசை கொடுத்தாயா என்று கேட்டுக்கொண்டே நின்றேனாம். மண்டபத்தில் கதவுக்குக் கிட்ட, வலிப்பு வந்தால் உடனே வெளியே தூக்கக்கூடிய மாதிரி ஒரு கதிரையைப் பிடித்து அவனை இருத்தினேன். பக்கத்தில் மனைவி. நெறியாளர் ஒலிவாங்கியில், "தயவுசெய்து ஒருவரும் கைதட்ட வேண்டாம். பிடித்திருந்தால் கையை உயர்த்தி ஆட்டுங்கள்" என்று அறிவித்தார். எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் சனத்திடம் சத்தம் போடவேண்டாம் என்று சொன்னால் அதைப் பற்றியே சத்தமாகக் கதைப்பார்கள்.

திரை விலகியது. மண்டபம் நிறைய ஆட்கள். எனக்கு ஒருவரும் தெரியவில்லை, கதவுக்குப் பக்கத்தில் அந்த இரண்டு கதிரை மட்டும்தான் தெரிந்தது. வசனம் சொன்னேன், நடந்தேன், குருநகர் அம்மாவோடு சண்டை பிடித்தேன். எல்லாவற்றையும் அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டே செய்தேன். முதல் காட்சி ஆஸ்பத்திரி. பிறகு, கலியாண வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுபோவதா விடுவதா என்று புருசனும் பெண்சாதியும் உடுத்திக்கொண்டு நின்று வாதாடுகிற காட்சி. சனம் ஆடாமல் அசையாமல் பார்த்தது. சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். ஒரு கைதட்டலும் விழவில்லை. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அடுத்தது வீட்டுக் காட்சி. என் மகள், என் மகனாக, கதிரையில் இருக்கிறாள். நான் பக்கத்தில் குந்தியிருந்து அவளுக்குச் சோறு தீத்துகிறேன். குருநகர் அம்மா வீடு கூட்டிக்கொண்டிருந்த கூட்டுமாற்றைக் கீழே போட்டுவிட்டுக் கேட்கிறார்: "எங்களுக்குப் பிறகு இவனை ஆர் பாக்கிறது?"

நான் சனத்தைப் பார்த்துத் திரும்பி, கையை விரித்து, நல்ல வடிவாகச் சொன்னேன்: "அதுக்கென்ன, வீடு மகளுக்கு. வீட்டோடை அவனும்!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை, எல்லார் வீட்டிலும் சீதன வீடு இருக்கிறது. பின்வரிசையில் யாரோ தன்னை மறந்து கைதட்டினார். பக்கத்தில் இருந்தவரும் தட்டினார். பிறகு மண்டபம் முழுக்கத் தட்டியது. கதவுக்குப் பக்கத்தில் என் மகன் உதறுவதைக் கண்டேன். மனைவி அவனுடைய தலையை இழுத்துத் தன் மடிக்குள் புதைத்தாள். நான் மேடையிலிருந்து குதிக்கப் போனேன். "நிப்பாட்டுங்கோ" என்று கத்த வாயைத் திறந்தேன்.

அந்த நேரம் ஒரு கை என் வாயில் வந்து அறைந்து விழுந்தது.

மகளின் கை. மகன் பொத்துகிற மாதிரியே, விரல்கள் மடங்கி, உள்ளங்கை முழுக்க என் வாயை அடைத்துக்கொண்டு. ஒத்திகையில் இது இல்லை. நாங்கள் ஒருபோதும் இப்படிச் செய்ததில்லை. அறைந்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும், கைதட்டல் பட்டென்று நின்றுவிட்டது. நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். வாய் சற்றுத் திறந்து, தோள் சரிந்து, எல்லாம் அவளுடைய அண்ணன்தான். ஆனால் கண் நிறையத் தண்ணீர் நின்றது. அவள் கையை எடுக்கவில்லை.

அந்த அமைதியில் கதவுப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. என் மகன் தாயின் மடியிலிருந்து தலையைத் தூக்கி, மேடையைப் பார்த்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். தன்னுடைய வேலையை வேறொருவர் செய்ததைக் கண்டுவிட்டான்.

குருநகர் அம்மா கெட்டிக்காரி. "பாத்தியளே, தம்பிக்கு உந்தக் கதை பிடிக்கேல்லை" என்று சொல்லிக் காட்சியைக் கொண்டுபோய்விட்டார். மிச்ச வசனத்தை நான் எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

நாடகம் முடிந்ததும் சபையோடு கலந்துரையாடல் வைத்தார்கள். ஒரு நடுத்தர வயதுப் பெண் எழும்பிக் கேட்டார்: "சீதன வீடு வாங்கப்போற மகளைப் பற்றிச் சொன்னியள். அந்தப் பிள்ளையை நாடகத்திலை ஒரு இடத்திலையும் காணேல்லையே?" நாங்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். உண்மைதான். அவ்வளவு ஒத்திகையிலும் அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணனின் சேட்டைப் போட்டுக்கொண்டு மகள் என் பக்கத்தில் நின்றாள். "அவ வேலைக்குப் போட்டா" என்று நான் பகிடி விட்டேன். சனம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி புட்டுக்குச் சொதி விட்டுக் குழைத்துக் கொடுத்தாள். மகள் விறாந்தையில் இருந்து அண்ணனுக்குத் தீத்தினாள். முகத்தில் பூசிய மை இன்னும் போகவில்லை. எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"ஏன் பிள்ளை அந்த இடத்திலை வாயைப் பொத்தினனீ? சொல்லிப்போட்டுச் செய்திருக்கலாமே. நான் நல்லாப் பயந்துபோனன்."

"நானும் பயந்து பயந்துதான் செய்தனான்" என்றாள். அடுத்த வாயைத் தீத்திவிட்டுச் சொன்னாள்: "அப்பா, உந்தக் கதையை நான் சின்னனிலை இருந்து கேக்கிறன். வாறவை போறவை எல்லாருக்கும் சொல்லுவியள். அவை சிரிப்பினம். நானும் சிரிச்சிருக்கிறன். இண்டைக்கு அண்ணாவாய் அந்தக் கதிரையிலை இருந்து கேக்கேக்கை சிரிப்பு வரேல்லை. அண்ணாவுக்கும் விருப்பமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. என்னையும் கேக்கேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. எந்தத் தகப்பன் கேட்டான்? என் மாமனார் வீடு தந்தபோது என் மனைவியைக் கேட்டா தந்தார்? "அப்ப நீ பாக்கமாட்டியோ?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"பாக்கமாட்டன் எண்டு சொல்லேல்லை. கேளுங்கோ எண்டு சொல்லுறன்."

மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். மகன் புட்டை மென்றுகொண்டு என்னைப் பார்த்தான். ஒரு கேள்வி கேட்க இவ்வளவு மூச்சு வாங்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"சரி, கேக்கிறன். எங்களுக்குப் பிறகு நீ கொண்ணனைப் பாப்பியோ?"

அவள் "ஓம்" என்று சொல்லுவாள் என்றுதான் நான் நினைத்தேன். கேட்டால் உடனே ஓம் என்பாள், கட்டிப்பிடித்து அழுவோம், அத்தோடு முடிந்துவிடும் என்று.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

நான் மனைவியைப் பார்த்தேன். "இவ்வளவு நாளும் நாங்கள் கேக்காமல் விட்டது உதுக்குப் பயந்துதானே" என்றாள் அவள்.

பிறகு வந்த நாட்களில் மகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே நான் மெலிந்தேன். வழக்கம்போல வேலைக்குப் போனாள், வந்தாள், அண்ணனுக்கு நகம் வெட்டினாள். யோசிப்பதாகவே தெரியவில்லை. யோசித்துவிட்டாயா என்று கேட்கவும் பயம். வட்டுக்கோட்டைப் பக்கம் நாடகத்தை இன்னொரு முறை போட்டோம். அந்த இடத்தில் "எங்களுக்குப் பிறகு இவனை ஆர் பாக்கிறது?" என்ற கேள்வியோடு நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஒருவரும் சிரிக்கவுமில்லை, தட்டவுமில்லை.

போன கிழமை தரகர் வந்தார். பழக்க தோசத்தில் படலைக்கு வெளியிலேயே சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "கனடாதான் அண்ணை. நீங்கள் வேண்டாம் எண்டுதான் சொல்லுவியள். வந்ததைச் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். வழக்கமான பதில் அப்படியே வரிசையாக வந்து நின்றது. விறாந்தையில் மகன் இருந்தான். அறைக்குள் மகள் உடுப்பு அழுத்திக்கொண்டிருந்தாள். மேடையில் என் வாயைப் பொத்திய அந்தக் கை உதட்டில் திரும்பவும் தெரிந்தது.

"உள்ளுக்கு வாங்கோ" என்றேன். தரகர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அறைப்பக்கம் திரும்பிக் கூப்பிட்டேன்: "பிள்ளை, ஒருக்கா வா. உனக்கு வந்த கதை. நீயே கேள்."

இஸ்திரிக்கைப் பெட்டியை வைக்கிற சத்தம் கேட்டது. அவள் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கதிரையைத் தரகருக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தாள்.

"கனடாவிலை எந்த இடம்?" என்று கேட்டாள்.

அவ்வளவு ஆவலாக அவள் எதையும் கேட்டு நான் அதற்கு முன் கண்டதில்லை. போய் மகனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். தரகர் சொல்லத் தொடங்கினார். நான் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், முழுவதையும் கேட்டேன்.